பேர்ட் டாக் குட்டியை ட்ரெய்னர்கிட்ட எப்போ விடலாம்? முழு வழிகாட்டி

பேர்ட் டாக்னா வேட்டையில பறவையை மோப்பம் பிடிச்சு காட்டுற நாய். குட்டி வீட்டுக்கு வந்து மூணு மாசம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள எல்லாரும் கேக்குற கேள்வி இதான்: எத்தனை மாசத்துல ட்ரெய்னர்கிட்ட விடணும்? ஒரு நம்பர்தான் வேணும்னா சொல்லிடறேன். பாயின்டர், செட்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர், பிரிட்டனி மாதிரி பாயின்ட் நிக்கிற, அதாவது பறவை வாசனை வந்ததும் அசையாம நின்னு இடத்தைக் காட்டுற ஜாதிகளுக்கு பெரும்பாலும் 7 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள. ஆனா அந்த நம்பரை மட்டும் நம்பி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுட்டு, நாள் வந்ததும் வண்டில ஏத்தி கொண்டு போய் விட்டீங்கன்னா காசும் போகும், சில சமயம் நாயே வீணா போயிடும். நான் மூணு நாய் வளர்த்திருக்கேன். முதல் நாயை நானே கெடுத்துட்டு அப்புறம் பதறியடிச்சு அனுப்பினேன், ரெண்டாவதை நேரம் பார்த்து அனுப்பினேன், மூணாவதை அனுப்பவே இல்ல. அந்த மூணையும் வச்சுதான் இதை எழுதுறேன்.

முதல்ல, அனுப்பித்தான் ஆகணுமா?

இதை யாரும் யோசிக்கிறதில்ல. ட்ரெய்னர்கிட்ட ஏதோ ரகசியம் இருக்கு, நமக்குத் தெரியாத ஒரு வித்தை இருக்குன்னு நினைச்சுக்கறோம். அனுபவம் இருக்கு, அதை குறைச்சு சொல்லல, ஆனா நிஜத்துல நாம காசு கொடுத்து வாங்குறது முக்கால்வாசி பறவைதான். அவர்கிட்ட புறாக்கூடு இருக்கு, காடை இருக்கு, புறாவை உள்ள வச்சு ரிமோட்ல திறந்து விடுற பெட்டி இருக்கு, நாயை அவிழ்த்து விட பெரிய காடு கழனி இருக்கு, தினமும் நேரமும் இருக்கு. ஒரு இளம் நாய்க்கு வாரத்துல நாலஞ்சு நாள் பறவை வாசனை கிடைக்கிறதுக்கும், மாசத்துக்கு ஒரு தடவை கிடைக்கிறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால உங்களையே நாலு கேள்வி கேட்டுக்கோங்க. பறவை கிடைக்குமா? நாயை விட இடம் இருக்கா? வாரத்துல நாலு நாள் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? நாலாவதுதான் நேர்மையா பதில் சொல்லணும்: நாய் சொன்ன பேச்சு கேக்கலன்னா உங்களுக்கு கோவம் வருமா? கோவம் சட்டுனு வர்ற ஆளா இருந்தா மத்த மூணும் இருந்தாலும் நீங்க பண்ணாதீங்க, அனுப்பிடுங்க. என் மூணாவது நாயை அனுப்பாததுக்கு காரணம் நான் பெரிய ஆள் ஆயிட்டேன்னு இல்ல, அதுக்குள்ள வீட்டுப் பின்னாடி எட்டு புறாவோட ஒரு கூடு கட்டிட்டேன், அவ்வளவுதான்.

வயசு ஏன் முக்கியம், எங்க முக்கியம் இல்ல

குட்டியோட உடம்புலயும் மனசுலயும் சில விஷயம் அதுங்க நேரத்துலதான் நடக்கும், நாம தள்ளிவிட முடியாது.

சுமார் 3 வாரத்துல இருந்து 14 வாரம் வரைக்கும் குட்டி உலகத்தை பழகுற காலம். இதுல பார்க்காத சத்தம், ஆள், தண்ணி, புல் எல்லாத்தையும் பின்னாடி சந்தேகமா பார்க்கும். இதுல குட்டி உங்ககிட்ட வந்த அப்புறம் இருக்க வாரங்கள் முழுக்க உங்க கையிலதான் இருக்கு, இதை எந்த ட்ரெய்னராலயும் பின்னாடி வந்து சேர்த்து வைக்க முடியாது.

4 மாசத்துல இருந்து 6, 7 மாசம் வரை பால் பல் விழுந்து 42 நிரந்தரப் பல்லும் வரும். அந்த நேரத்துல வாய் வலிக்கும், ஈறு வீங்கியிருக்கும். அப்போ பொருளை எடுத்துட்டு வர்ற பயிற்சியை அழுத்திப் பண்ணா, வாயில எதையாவது பிடிச்சாலே வலின்னு நாய் மனசுல பதிஞ்சுடும். அதனாலதான் முறையான எடுத்துட்டு வர்ற பயிற்சியை பல் முழுசா வந்த அப்புறம்தான் ஆரம்பிப்பாங்க.

அப்புறம் 6 மாசத்துல இருந்து 14 மாசத்துக்குள்ள எப்பவாவது ஒரு ரெண்டாவது பயக்காலம் வரும். நேத்து வரைக்கும் கண்டுக்காத குப்பைத்தொட்டியை இன்னைக்கு பார்த்து குரைக்கும், பின்னாடி போகும். ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் தானா போயிடும். அந்த வாரத்துல கொண்டு போய் புது இடத்துல விடாதீங்க, துப்பாக்கி சத்தமும் வேண்டாம்.

பெட்டை நாயா இருந்தா முதல் ஹீட் (இணை சேர்ற பருவம்) பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள வந்துடும், சிலதுக்கு இன்னும் தள்ளிப் போகும். மூணு மாச பயிற்சிக்கு நடுவுல வந்தா வேலை கெட்டுப் போகும், கென்னல்ல இருக்க ஆண் நாய்ங்க எல்லாம் சாப்பாட்டை மறந்துடும். முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

ஜாதிக்கு ஜாதியும் மாறும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்ல பல குட்டிங்க சீக்கிரமே வேலைக்கு தயாராயிடும், செட்டருங்க கொஞ்சம் நிதானம், சிலது ஒண்ணரை வயசு வரைக்கும் பட்டாம்பூச்சி பின்னாடி ஓடிட்டு இருக்கும். ஆனா ஒரே ஈத்துல பிறந்த ரெண்டு குட்டிக்குள்ளயே மூணு மாச வித்தியாசம் நான் பார்த்திருக்கேன், அதனால ஜாதியை வச்சும் முடிவெடுக்காதீங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுல முடிக்க வேண்டியது

கூப்பிட்டா வரணும். கச்சிதமா வேண்டாம், பத்துக்கு எட்டு தடவை திரும்பி ஓடி வந்தா போதும். க்ரேட்ல (கூண்டுல) அழாம ராத்திரி தூங்கணும், வண்டில வாந்தி எடுக்காம வரணும், லீஷ்ல கட்டினா உருண்டு பிரளக்கூடாது. முழங்கால் உயரத்துக்கு மேல புல் இருந்தாலும் முன்னாடி நுழையணும், நம்ம காலை ஒட்டியே நடக்கக்கூடாது. ஆழமில்லாத தண்ணில விளையாட்டா இறங்கி பழகியிருக்கணும். புது ஆள் தொட்டா ஒதுங்கக்கூடாது. இதெல்லாம் இல்லாம அனுப்பினா முதல் மாசக் காசு முழுக்க இதுக்கே போயிடும்.

செய்யக்கூடாததுதான் பெரிய லிஸ்ட். ஓவரா அடக்கம் சொல்லித்தராதீங்க. நாலு மாசக் குட்டி உங்க முகத்தையே பார்த்துட்டு ஒட்டி நடக்குதுன்னா மத்தவங்க பாராட்டுவாங்க, ஆனா அது பேர்ட் டாக்குக்கு நல்லதில்ல, அது தூரமா போய் தேடணும். "உக்காரு"ன்னு சொல்லித்தர்றதையும் பாயின்டிங் நாய்க்கு பல ட்ரெய்னருங்க வேண்டாம்பாங்க, ஏன்னா பின்னாடி பறவை முன்னாடி நிக்கும்போது லேசா அழுத்தம் வந்தாலே நாய் தெரிஞ்சதை பண்ணும், பாயின்ட்லயே உக்காந்துடும். அதை மாத்துறது பெரிய தொல்லை.

இன்னொண்ணு, இதுல நானே தப்பு பண்ணியிருக்கேன். குட்டி உங்க செருப்பை வாயில கவ்விட்டு பெருமையா வாலை ஆட்டிட்டு வரும். அப்போ திட்டி பிடுங்காதீங்க. அது செருப்பை திருடல, உங்களுக்கு எடுத்துட்டு வந்திருக்கு. ரெண்டு தட்டு தட்டிக் கொடுத்துட்டு, மெதுவா வாங்கிக்கிட்டு, செருப்பை மேல தூக்கி வைங்க. நாலு தடவை திட்டு வாங்கினா அஞ்சாவது தடவை எதையும் உங்ககிட்ட கொண்டு வராது, தூக்கிட்டு கட்டிலுக்கு அடியிலதான் போகும், நாளைக்கு பறவையையும் அப்படித்தான் பண்ணும்.

பறவை காட்டிப் பாருங்க, பதில் அங்கதான் இருக்கு

வயசை விட இதைத்தான் நான் நம்புவேன். 5, 6 மாசத்துக்கு மேல ஒரு தடவை புறா காட்டுங்க. பெரிய சேவல் மாதிரி இறக்கையால முகத்துல அறையற பறவை வேண்டாம், புறாவோ காடையோ போதும். காத்து நாய் மூஞ்சியை நோக்கி அடிக்கிற மாதிரி பார்த்து, புல்லுக்குள்ள வச்சுட்டு, குட்டியை பத்து மீட்டர் நீளக் கயிறோட அவிழ்த்து விடுங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க.

என் ரெண்டாவது நாய், ஷார்ட்ஹேர் பெட்டை, ஆறு மாசத்துல முதல் தடவை பண்ணும்போது நடந்ததை சொல்றேன். புல்லை தாண்டி ஓடிட்டே இருந்தவ திடீர்னு யாரோ காலரை பிடிச்சு இழுத்த மாதிரி திரும்பினா. மூக்கு தரையில இல்ல, மேல, காத்துல. ரெண்டு அடி பதுங்கி வச்சா, மூணாவது அடிக்கு காலை தூக்கினவ கீழ வைக்கல. வால் முதல்ல படபடன்னு ஆடுச்சு, அப்புறம் மெதுவாகி நின்னே போச்சு. ஒரு நாலு செகண்ட் இருக்கும். அப்புறம் பாய்ஞ்சுட்டா, புறா பறந்துடுச்சு, அவ அது பின்னாடியே கயிறை இழுத்துட்டு வயல் கடைசி வரைக்கும் ஓடினா. நான் திட்டல, கூப்பிடவும் இல்ல. துரத்தட்டும், அந்த வயசுல துரத்தணும். ஆசை முதல்ல வரணும், அடக்கம் அப்புறம் வரும்.

நாலு செகண்ட் நின்னதை விட துரத்திட்டு திரும்பி வந்ததும் அதே புல்லுக்குள்ள மறுபடி மூக்கை விட்டாளே, அதுதான் எனக்கு வேணும்னு இருந்தது. அன்னைக்கே ட்ரெய்னருக்கு போன் பண்ணேன்.

மாறா, பறவை எழுந்ததும் குட்டி பின்வாங்கி உங்க காலுக்கு வந்துடுச்சுன்னாலோ, வாசனை வந்தும் வராத மாதிரி முகத்தை திருப்பிட்டு சுத்திப் போச்சுன்னாலோ இன்னும் நேரம் ஆகல. ரெண்டாவது விஷயத்துல கவனமா இருங்க, பறவையை கண்டும் காணாம போற பழக்கம் வந்துட்டா மீட்கறது ரொம்ப கஷ்டம், பெரும்பாலும் யாரோ பறவை முன்னாடி நாயை திட்டியோ அடிச்சோ இருப்பாங்க. ஒரு மாசம் விட்டு, இன்னும் சாதுவான பறவையோட மறுபடி பாருங்க.

துப்பாக்கி சத்தம்: தயவுசெஞ்சு இதை நீங்க பண்ணாதீங்க

முதல் நாய் கதைக்கு வர்றேன். செட்டர், ஆண், நல்ல ரத்தம். அஞ்சு மாசத்துல ஒரு நண்பர் சொன்னாருன்னு துப்பாக்கி சுடுற ரேஞ்ச்சுக்கு கூட்டிட்டு போனேன், "சத்தம் பழகிடும்"னு. காரை விட்டு இறங்கின அரை நிமிஷத்துல யாரோ 12 போர் துப்பாக்கியில ரெண்டு தடவை சுட்டாங்க. அவன் காருக்கு அடியில போயிட்டான். காலை பிடிச்சு இழுத்துதான் எடுத்தேன். அதுக்கப்புறம் துப்பாக்கி உறையோட ஜிப் சத்தம் கேட்டாலே நடுங்குவான். துப்பாக்கி பயம் பெரும்பாலும் பிறவியில வர்றதில்ல, சத்தத்துக்கு கொஞ்சம் கூச்சப்படுற நாய்ங்க உண்டு, ஆனா அதை பயமா மாத்துறது என்னை மாதிரி ஆளுங்கதான்.

சரியான முறை ரொம்ப எளிமை, பொறுமைதான் வேணும். நாய் பறவையை வெறியா துரத்திட்டு இருக்கணும், அந்த நேரத்துல நல்ல தூரத்துல இருந்து இன்னொருத்தர் சின்ன .22 பிளாங்க் (குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்ற தோட்டா) ஒரே ஒரு தடவை சுடணும். நாய் காது கூட திருப்பலைன்னா அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட. பல நாள் போனதுக்கு அப்புறம்தான் 20 போர் துப்பாக்கி. ஒரு தடவை தயங்கி திரும்பிப் பார்த்தாலும் அன்னைக்கு நிறுத்திட்டு அடுத்த தடவை தூரத்தை கூட்டணும். இதுக்கு ரெண்டு ஆள் வேணும், நிறைய பறவை வேணும், நாயோட உடம்பை படிக்கத் தெரியணும். மத்ததெல்லாம் வீட்டுல பண்ணாலும் இந்த ஒரு வேலைக்காகவாவது ட்ரெய்னர்கிட்ட போகலாம்னு நான் சொல்வேன். சாப்பாடு வைக்கும்போது பாத்திரத்தை தட்டறது, பட்டாசு வெடிச்சு பழக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

என் செட்டரை அப்புறம் அனுப்பினேன், ஏழு மாசம் ஆச்சு சரியாக, அதுவும் முழுசா இல்ல. சரியான நேரத்துல அனுப்பியிருந்தா மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும்.

வேட்டை சீசன்ல இருந்து பின்னாடி எண்ணுங்க

குட்டி தயார்னு தெரிஞ்சுது, அடுத்தது எந்த மாசம். பயிற்சி பெரும்பாலும் மூணு மாசம், அதுல முதல் பத்து பதினஞ்சு நாள் நாய் இடம் பழகவே போயிடும். திரும்பி வந்த அப்புறம் உங்களோட சேர்ந்து பழக இன்னும் ரெண்டு மூணு வாரம். ஆக சீசன் திறக்குறதுக்கு நாலு மாசம் முன்னாடி விடணும்.

சீசன் திறக்கும்போது குட்டிக்கு 5 மாசம்தான் ஆகும்னா இந்த வருஷம் விட்டுடுங்க, அவசரமே இல்ல. சீசன் முழுக்க சும்மா வயல்ல கூட்டிட்டு நடங்க, பறவை பார்க்கட்டும், துரத்தட்டும். சீசன் முடிஞ்சதும் 9, 10 மாசத்துல அனுப்புங்க, அந்த நாய்தான் ட்ரெய்னருக்கு ரொம்ப பிடிக்கும். சீசன் திறக்கும்போது 10, 11 மாசம் ஆகும்னா 7 மாசத்துல ரெண்டு மாச ஆரம்பப் பயிற்சிக்கு மட்டும் விடலாம்: பறவை, துப்பாக்கி, கூப்பிட்டா வர்றது, அதோட சரி. "வோ"ன்னா அசையாம நிக்கிறது, பறவை எழுந்தும் சுட்டும் நகராம நிக்கிறது, இன்னொரு நாய் பாயின்ட் நின்னா மரியாதையா தானும் நிக்கிறது, இதெல்லாம் ஒரு சீசன் ஓடி முடிச்ச நாய்க்கு, ரெண்டாவது வருஷ வேலை. மூணு மாசத்துல எல்லாத்தையும் முடிச்சு தர்றேன்னு ஒருத்தர் சொன்னா நான் வண்டியை திருப்பிடுவேன்.

கடும் வெயில் மாசத்தையும் தவிர்க்கப் பாருங்க. நாய்க்கு மேல் மூச்சு வாங்கும்போது மூக்கு சரியா வேலை செய்யாது, உடம்பு சூடாகி ஆபத்தும் ஆகும்.

வட அமெரிக்காவுல இருக்கவங்களுக்கு ஒரு தனிக் கணக்கு: வேட்டை நாய்களுக்கு தேர்வு வைக்கிற நாவ்டா அமைப்போட இயற்கைத் திறன் தேர்வுக்கு நாய்க்கு 16 மாசம் தாண்டக்கூடாது. அந்த தேர்வுக்கு போற எண்ணம் இருந்தா அந்த தேதியில இருந்தும் பின்னாடி எண்ணுங்க. அதுல மூக்கு, தேடல், தண்ணி, பாயின்ட், தடம் பிடிக்கிறது, வேலை செய்யிற ஆசை, ஒத்துழைப்பு இதைத்தான் பார்ப்பாங்க, அடக்கத்தை இல்ல.

ட்ரெய்னரைப் போய்ப் பார்க்கும்போது

நேர்ல போகாம விடாதீங்க. கென்னல் சுத்தமா, தண்ணி இருக்கா, நிழல் இருக்கா, இதெல்லாம் யாரும் பார்ப்பாங்க. நான் பார்க்குறது அவர் கேட்டை திறக்கும்போது நாய்ங்க என்ன பண்ணுதுன்னு. நான் போன முதல் இடத்துல அவர் நடந்து வந்ததும் ரெண்டு நாய் மூலையில போய் உக்காந்துச்சு, வால் காலுக்கு நடுவுல. ஓட்டிக் காட்டினப்போ பாயின்டும் நின்னுச்சு, கச்சிதமாத்தான் நின்னுச்சு, ஆனா வால் தாழ்ந்து, கண்ணு பறவைமேல இல்ல, அவர்மேல. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டாவது இடத்துல கேட்டை திறந்ததும் ஆறு நாய் அவர்மேல ஏறி பேன்ட்டை சேறாக்கிடுச்சுங்க, அங்கதான் விட்டேன்.

கேக்க வேண்டியது: இப்போ கையில எத்தனை நாய் இருக்கு, என் நாயை நீங்களே ஓட்டுவீங்களா இல்ல வேலைக்கு இருக்க பையனா, வாரத்துக்கு எத்தனை தடவை பறவை காட்டுவீங்க, ஈ-காலர் (ரிமோட்ல லேசா ஷாக் கொடுக்கிற காலர்) எப்போ போடுவீங்க. கடைசி கேள்விக்கு "தெரிஞ்ச கட்டளைக்கு மட்டும், பறவை பக்கத்துல இருக்கும்போது ஆரம்பத்துல தொடவே மாட்டேன்"ங்கற மாதிரி பதில் வந்தா நல்லது. என் நாய் சரிப்படலைன்னா எப்போ சொல்வீங்கன்னும் கேளுங்க. நேர்மையான ஆள் முதல் மாசக் கடைசியிலயே சொல்லிடுவாரு. லாப்ரடாரும் ஸ்பேனியலும் ஓட்டறவர்கிட்ட பாயின்டரை விடாதீங்க, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும். அது வேற தொழில்.

விடுற வாரம்

கால்நடை டாக்டர்கிட்ட ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, கென்னல் இருமல் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும், கென்னல் இருமலுக்கு உள்ளதை கடைசி நாள்ல போடாம கொஞ்சம் முன்னாடியே போடுங்க. எலிக்காய்ச்சல் ஊசி பத்தியும் கேளுங்க. உண்ணி மருந்து, குடற்புழு மருந்து. அதே சாப்பாட்டை கையோட கொடுத்து அனுப்புங்க. ஒரு பேப்பர்ல நீங்க என்ன வார்த்தை சொல்லி கூப்பிடுவீங்கன்னு எழுதிக் கொடுங்க, ஏதாவது தப்பு நடந்திருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க. நான் செட்டரை விடும்போது ரேஞ்ச் விஷயத்தை வெட்கப்பட்டு சொல்லல, பத்து நாள் கழிச்சு ட்ரெய்னரே போன் பண்ணி "இவனை எங்க கூட்டிட்டு போனீங்க"ன்னு கேட்டாரு.

முதல் ரெண்டு வாரம் சாப்பாடு குறையும், கொஞ்சம் இளைக்கும், பயப்படாதீங்க. அந்த ரெண்டு வாரம் போய் பார்க்கவும் வேண்டாம், நாய்க்கு மறுபடி முதல்ல இருந்து பிரிவு. மூணாவது வாரத்துல இருந்து கட்டாயம் போங்க, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது, போனா கயிறை உங்க கையில வாங்குங்க.

திரும்பி எடுக்குற நாள்

அரை நாள் ஒதுக்குங்க, பணத்தை கொடுத்துட்டு நாயை ஏத்திட்டு வர்ற வேலை இல்ல. ட்ரெய்னர் என்ன வார்த்தை, எந்த குரல், கை எங்க வைக்கிறாருன்னு பாருங்க, போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வந்து நீங்க வேற வார்த்தை சொன்னா மூணு வாரத்துல எல்லாம் கரைஞ்சுடும்.

என் பெட்டையை எடுக்கப் போனப்போ அவ வேலி ஓரமா பாயின்ட் நின்னா, முதல் தடவை பார்த்த அந்த தூக்கின காலோட, ஆனா இந்த தடவை வால் கல்லு மாதிரி. எனக்கு கை நடுங்குது, "வோ, வோ, வோ"ன்னு கத்திட்டே முன்னாடி போறேன். ட்ரெய்னர் பின்னாடி இருந்து என் சட்டையை பிடிச்சு இழுத்தாரு. "அவதான் நின்னுட்டாளே சார், நீங்க யாரை நிறுத்துறீங்க?" அப்புறம் வாயை மூடிட்டு அவளைத் தாண்டி பக்கவாட்டுல நடந்து போனேன், காடை படபடன்னு எழுந்துச்சு, திரும்பிப் பார்த்தா அவ ரெண்டு அடி எடுத்து வச்சுட்டு, தானா நின்னு, பறவை போற திசையை பார்த்துட்டு இருந்தா.